வெள்ளிக்கிழமை லைன்

ஆம்பூரில் வாரம் சனிக்கிழமை பிறந்து வியாழக்கிழமை முடியும். வெள்ளிக்கிழமை தோல் பதனிடுகிற ஷெட்டுகளில் டிரம் சுற்றாது, ஷூ கம்பெனிகளில் மிஷின் ஓடாது, பஜாரில் பாதிக் கடைக்குப் பூட்டுத் தொங்கும். பெரும்பாலான முதலாளிகள் முஸ்லிம்கள். ஜும்மா தொழுகை நாளில் கம்பெனி திறக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அவர்களிடம் வேலை செய்கிற இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் அதே வெள்ளிதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். நமக்கு இது ஒரு சேதியே இல்லை.

இந்த வெள்ளிக்கிழமைதான் சவுரியம்மாளின் படிப்புக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

சவுரியம்மாள் 1977இல் வாஹித் பாஷாவின் கம்பெனியில் தையல் மிஷினில் சேர்ந்தாள். ஷூவின் மேல்பாகமான அப்பரை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. பி.யு.சி. வரை வேலூரில் படித்தவள். தோல் ஷெட்டில் டிரம் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டதால், காலேஜ் கனவை மடித்து வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். சீக்கிரமே ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மிஷின்களுக்கு, தலைவியாகிவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் மாடியில் ஓர் அறை உண்டு. கண்ணாடிக் கதவு, மின்விசிறி, நாலு மேசை. ஒரு ஜோடி அப்பர் தைக்க எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு நூல், எவ்வளவு கூலி என்று அங்கே உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். காஸ்டிங் ரூம் என்று பெயர். மேலே தீர்மானித்தது கீழே தைக்கிறவர்கள் தலையில் விழும். சவுரியம்மாளுக்கு அந்த அறையின் மேல் ஒரு கண். ஒரு நாள் முதலாளியிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"மேல ஒரு மேசை காலியா இருக்குது மொதலாளி. அதுல நான் ஒக்கார்றதுக்கு இன்னா பண்ணணும்?"

வாஹித் பாஷா சிரித்தார். "நீ பி.யு.சி. தானேம்மா. அந்த ரூமுக்கு டிகிரி வேணும். பி.காம்."

"டிகிரி வந்தா ஒக்கார வைப்பீங்களா?"

"வரட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம்னா பத்தாது மொதலாளி."

"சரிம்மா, ஒக்கார வைக்கிறேன். போய் வேலையைப் பாரு."

அவர் அன்று சாயந்திரமே மறந்திருப்பார். அவள் அந்த மாதமே தபால் வழியில் பி.காமுக்குப் பணம் கட்டிவிட்டாள். வீட்டில் அம்மா புலம்பினாள். "ஒண்ணு படி, இல்லன்னா வேலைக்குப் போ. ரெண்டையும் கட்டிக்கிட்டு அழாதே." பக்கத்து மிஷின்காரிகளும் அதையே சொன்னார்கள். யார் சொல்லியும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. படிப்பை விட்டால் இந்த மிஷினிலேயே முடி நரைக்கும். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும் வேண்டும், அவ்வளவுதான்.

பாடங்கள் தபாலில் வந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் மேலேயே விரித்துவைத்துப் படிப்பாள். விரலில் ஒட்டியிருக்கும் தோல் ஒட்டுகிற பசையில் பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மெல்லப் பிரித்தால் நாலு எழுத்து அந்தப் பக்கத்தோடு போய்விடும். தமிழ், ஆங்கிலம், வணிகச் சட்டம் எல்லாம் அப்படியே தலைக்குள் ஏறின. கணக்குப் பதிவியல் மட்டும் ஏறவில்லை. அதைச் சொல்லித்தர வேலூரில் ஒரு கல்லூரியில் வகுப்பு வைத்தார்கள். எந்த நாளில்? ஞாயிற்றுக்கிழமையில். உலகம் முழுக்க லீவு நாள் என்று நம்புகிற நாளில். அவளால் போக முடியவில்லை. முதல் வருஷம் அந்த ஒரு பாடத்தில் போய்விட்டது.

அழுதாள்தான். ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் யோசிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்குகிறவள் அவள் மட்டும் இல்லை. அவளுடைய லைனில் பாதிக்கு மேல் கிறிஸ்தவப் பெண்கள். வருஷக்கணக்காக ஞாயிறு பூசைக்குப் போகாமல், போகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு மிஷின் மிதிக்கிறவர்கள். மற்றவர்களுக்கு எந்த நாள் லீவாக இருந்தாலும் ஒன்றுதான். இன்னொன்றும் அவள் கவனித்திருந்தாள். மற்ற நாட்களில் ஊரிலுள்ள டிரம் எல்லாம் ஒன்றாகச் சுற்றும்போது கரண்ட் இளைத்துப்போகும். மிஷின் முனகும், தையல் கோணும், நூல் அறும். வெள்ளிக்கிழமை ஊரே சும்மா இருப்பதால் விளக்கு பளிச்சென்று எரியும்.

லைனில் இருந்த எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளி மேசைக்கு முன்னால் நின்றாள்.

"எங்க லைனுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வேலை குடுங்க. ஞாயித்துக்கிழமை லீவு குடுங்க. வெள்ளிக்கிழமை கரண்ட் நல்லா இருக்கும், உங்களுக்கு ஜோடி ஜாஸ்தி வரும்."

"கோயிலுக்குப் போறதுக்கா?"

"இவங்களுக்குக் கோயில். எனக்குக் கிளாஸ். ரெண்டும் ஞாயித்துக்கிழமைதான் மொதலாளி."

வாஹித் பாஷா தாடியைத் தடவினார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் பயந்த மனுஷன். "ஆம்பளைங்க எல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருக்குற நேரம். கம்பெனியில பொம்பளைங்க மட்டும். எதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான்."

"அப்போ கேட்டுக்கோ. பொறுப்பான ஆள் நின்னாத்தான் லைன். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஆள் இல்லாம போச்சுன்னாலும், அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாரும் பழையபடி ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரணும்."

"சரி மொதலாளி," என்று தையல் ஹாலின் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆம்பூரில் வெள்ளிக்கிழமை லைன் அப்படித்தான் ஆரம்பித்தது.

அதில் மனம் நொந்தவள் ஒருத்தி உண்டு. செக்கிங் மேசை ஃபரீதா. தைத்து வருகிற ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிறவள். சவுரியம்மாளைவிடப் பத்து வயசு மூத்தவள், எல்லாருக்கும் ஆபா, அதாவது அக்கா. கம்பெனிக்குப் பின்சந்திலேயே வீடு. முதல் வெள்ளிக்கு மறுநாள் சவுரியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜும்மா நாள்ல மிஷின் சத்தம் கேட்டு எனக்குச் சோறு எறங்கல. இன்னிக்கு உங்க லைனு. நாளைக்கு எங்களையும் வெள்ளிக்கிழமை வரச் சொல்வாங்க. அவரும் நானும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடறதே அந்த ஒரு நாள்தான். அதுக்கு வேட்டு வச்சுட்டே."

"அப்படி ஒரு பேச்சு வந்தா நான் குறுக்க நிக்கிறேன் ஆபா."

"நிப்பே, நிப்பே," என்று சொல்லிவிட்டு ஃபரீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. சனிக்கிழமைகளில் வெள்ளிக்கிழமை ஜோடிகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். குறை அகப்படுவது கம்மி. அகப்படாத எரிச்சலில் அடுத்த ஜோடியை இன்னும் உற்றுப் பார்ப்பாள்.

சவுரியம்மாள் ஞாயிறுதோறும் வேலூருக்கு பஸ் ஏறினாள். பள்ளிகொண்டா தாண்டும்வரை போன வாரப் பாடம், அதற்கப்புறம் தூக்கம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த வங்கிக் குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் அவள் புடவையில் வீசுகிற தோல் வாடைக்கு மூக்கைச் சுளித்தார்கள். இரண்டு வாரம் சுளித்தார்கள், மூன்றாவது வாரம் பழகிவிட்டது. கணக்கு மெல்ல வழிக்கு வந்தது. வந்ததற்குக் காரணம் வகுப்பு மட்டும் இல்லை. புத்தகத்தில் தேய்மானம் என்று படித்தால் அவளுக்கு ஊசி அடிக்கடி உடைகிற தன் லைனின் பழைய மிஷின் ஞாபகம் வரும். வீண்நேரச் செலவு என்று படித்தபோது பஸ்ஸிலேயே சிரித்துவிட்டாள். கரண்ட் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வேலையை விட்டுவிட்டுப் படித்திருந்தால் இதெல்லாம் வெறும் எழுத்தாகவே இருந்திருக்கும்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் பூசைக்கு வழி பண்ணிட்டு நீ மட்டும் கோயில் பக்கமே வர்றதில்ல," என்பாள். கோயிலில் லைன் பெண்கள் புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருப்பதையும் அதே மூச்சில் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் பெருமை தெரியும்.

ஃபரீதா பயந்தது 1983இல் வந்தது. ஆர்டர் குவிந்துவிட்டது. இனிமேல் எல்லா லைனும் வெள்ளிக்கிழமையும் வரவேண்டும் என்று ஃபோர்மேன் கனகராஜ் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தார். சவுரியம்மாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். சாவியை மேசைமேல் வைத்தாள்.

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு இருக்குது, நாங்க வெள்ளிக்கிழமை வர்றோம். மத்தவங்களுக்கு இருக்குற ஒரு நாளையும் எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா எங்க லைனும் வராது."

முதலாளி கோபத்தில் கொஞ்சம் கத்தினார். பிறகு அடங்கினார். தொழுகை நாளில் மொத்தக் கம்பெனியையும் திறப்பதில் அவருக்கே மனசு ஒப்பவில்லை. சாவியை அவள் பக்கம் தள்ளினார். சேதி அரைமணி நேரத்தில் ஹால் முழுக்கப் பரவிவிட்டது. ஃபரீதா காதிலும் விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் ஜோடி திருப்பிக்கொண்டிருந்தாள்.

1984 மே மாதம் கடைசி வருஷப் பரீட்சை. அட்டவணை தபாலில் வந்ததும் சவுரியம்மாள் கனகராஜிடம் போய் பரீட்சை நாட்களுக்கெல்லாம் லீவு சொன்னாள். அவரும் சரி என்றார். அந்த நாட்களில் அவர் எப்படியும் ஹாலில் இருப்பவர், லைனைப் பார்த்துக்கொள்வார். கடைசிப் பரீட்சை காஸ்ட் அக்கவுண்டிங் என்கிற செலவுக் கணக்கு, வெள்ளிக்கிழமை. அதற்கு மட்டும் அவள் லீவு கேட்கவில்லை. ஏன் என்றால், வெள்ளிக்கிழமைதானே.

ஆம்பூரில் பிறந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பிறந்ததிலிருந்து வெள்ளி என்றால் லீவு. மூன்று வருஷமாக ஒவ்வொரு வெள்ளியும் சாவியைத் திருப்பி ஹாலைத் திறக்கிறவளே அவள்தான். ஆனாலும் காகிதத்தில் வெள்ளி என்று பார்த்ததும் பழைய மனசு, அன்னிக்கு லீவுதான், பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டது. அவளும் நம்பிவிட்டாள். பெரிய பெரிய கணக்கெல்லாம் போடுகிற மூளை இங்கே கோட்டை விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் லைனில் கடைசி மிஷின்காரி ஆரோக்கியம் சாதாரணமாகக் கேட்டாள். "நாளைக்குச் சாவி யாருகிட்ட குடுத்துட்டுப் போறீங்கக்கா?"

சவுரியம்மாளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ஜோடியைக் கீழே வைத்தாள். முதலாளி சென்னையில் இருந்தார். நாளை ஜும்மா முடிந்ததும் சரக்கு வாங்குகிற ஜெர்மன்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வருகிறார், சனிக்கிழமை சரக்கு துறைமுகத்துக்குக் கிளம்புகிறது. நாளைக்கு லைன் நின்றால் ஆரோக்கியத்துக்கும் மற்றவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை போச்சு. பரீட்சைக்குப் போகாவிட்டால் அந்த மாடி அறை போச்சு. அதுவும் எந்தப் பரீட்சை? அந்த அறைக்குள் நுழைவதற்கென்றே இருக்கிற பரீட்சை.

கனகராஜிடம் ஓடினாள்.

"வெள்ளிக்கிழமையாம்மா?" என்று அவர் கையை விரித்தார். "எங்க ஊரு அணைக்கட்டுல, நெலத்துக் கெணத்துல தூர் வார ஆள் சொல்லிட்டேன். எனக்கும் அந்த ஒரு நாள்தானே. மொதல்லயே சொல்லியிருந்தா எதாவது பண்ணியிருப்பேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. முதலாளி பொறுப்பு என்று மதிக்கக்கூடிய ஆள், அவரை விட்டால் ஹாலில் இன்னொருவர்தான்.

"நீங்க பரீட்சைக்குப் போங்கக்கா," என்றாள் ஆரோக்கியம். "ஞாயித்துக்கிழமை போனா போவுது. இத்தன வருஷம் கெடச்சதே பெரிசு."

"போனா போவுதுன்னு விடறதுக்கா இம்மாம் பாடுபட்டோம்? சும்மா இரு," என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் சவுரியம்மாள் பின்சந்துக்கு நடந்தாள்.

ஃபரீதா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சவுரியம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் முட்டாள்தனத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைன்னா லீவுன்னு நெனச்சுட்டேன் ஆபா."

ஃபரீதாவின் வாயோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "மூணு வருசமா எங்க காதுல மிஷின் ஓட்டினவ, வெள்ளிக்கிழமை லீவுன்னு நெனச்சாளாம்."

"நாளைக்கு நீங்க லைன்ல நிக்கணும். உங்க நாளு அதுன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன்."

முறம் கொஞ்ச நேரம் ஆடியது, பிறகு நின்றது.

"போன வருஷம் எனக்காகச் சாவியைத் தூக்கி மேசை மேல வச்சியே," என்றாள் ஃபரீதா. "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் நான். வாய் வரல. சரி, கேளு. மத்தியானம் லுஹர் தொழுறதுக்கு எனக்கு எடம் வேணும். ஜன்னல் பக்கம் மூலையிலே. பசை, தோல் துண்டு ஒண்ணும் இருக்கக் கூடாது. கழுவி விட்டுட்டுப் போ."

சவுரியம்மாள் ஆரோக்கியத்தையும் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி கம்பெனிக்குப் போனாள். மூலையிலிருந்த மிஷினை ஆரோக்கியமும் அவளுமாகத் தள்ளினார்கள். தரையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அம்மா பெட்டியில் வைத்திருந்த துவைத்த வெள்ளைத் துப்பட்டி ஒன்றைத் தொழுகைக்கு விரிக்கக் கொண்டுவந்து, மடித்து ஜன்னல் திண்டில் வைத்தாள். சாவியை ஃபரீதா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேலூரில் வினாத்தாளை வாங்கினாள். மூன்றாவது கேள்வி வீண்நேரச் செலவு. எழுத எழுதக் கை நிற்கவில்லை. கரண்ட், ஊசி, நூல், பழைய மிஷின் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. நேரம் முடிந்து தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியே வந்தபோது பாஸா என்ற சந்தேகமே அவளுக்கு இல்லை. லைன் ஓடியதா என்கிற ஒரே கவலைதான்.

கம்பெனி வாசலில் முதலாளியின் கார் நின்றுகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே மிஷின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பூசை மணிபோல இருந்தது. உள்ளே போனாள். ஜெர்மன்காரர் ஒரு ஜோடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபரீதா லைன் தலைப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துப்பட்டி மறுபடியும் மடிந்து ஜன்னல் திண்டில் இருந்தது.

வாஹித் பாஷா சவுரியம்மாளைப் பார்த்ததும் புருவத்தை நெரித்தார். "நான் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது மொதலாளி. பொறுப்பான ஆள் நிக்கணும்னீங்க. நிக்கிறாங்களா இல்லியா?"

அவர் ஃபரீதாவைப் பார்த்தார். ஃபரீதா பதிலுக்கு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பல மேலாளர்கள் பின்வாங்கியிருக்கிறார்கள்.

"பரீட்சை எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"மேல அந்த மேசையைத் தொடைக்கச் சொல்லுங்க."

அவள் பாஸானாள். காஸ்டிங் ரூமில் உட்கார்ந்தாள். எண்பத்தெட்டில் அந்த அறைக்கே தலைவியானாள். வெள்ளிக்கிழமை லைன் ஒன்று இரண்டானது. இதெல்லாம் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். பரீட்சை முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் அதிகம் பேருக்குத் தெரியாது.

மூன்று வருஷத்தில் வகுப்பில்லாத முதல் ஞாயிறு. அம்மா கோயிலுக்குப் புடவை எடுத்து வைத்திருந்தாள். சவுரியம்மாள் விடியற்காலைப் பூசையை மட்டும் பார்த்துவிட்டு, நேராகக் கம்பெனிக்குப் போய் ஃபரீதாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளியை விட்டுக்கொடுத்தவளுக்கு ஒரு நாள் லீவு வேண்டும், மேசையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். கனகராஜிடமும் ஃபரீதாவிடமும் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள்.

பத்து மணி வாக்கில் ஃபரீதா டிபன் கேரியரோடு வந்து நின்றாள்.

"உங்களுக்குத்தான் இன்னிக்கு லீவாச்சே ஆபா."

"லீவு எடுத்து இன்னா பண்றது? அவரு வேலைக்குப் போய்ட்டாரு. ஞாயித்துக்கிழமை வூட்ல ஒண்டியா ஒக்கார எனக்குப் பழக்கமில்ல. தள்ளி ஒக்காரு."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. சவுரியம்மாள் பார்த்து வைத்த ஜோடிகளை ஃபரீதா மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல தையல் கோணல். பி.காம்.காரி கண்ணுல படலியா?"

"ரிசல்ட் இன்னும் வரல ஆபா."

"வரும்," என்றாள் ஃபரீதா, தலை நிமிராமல். "என் வெள்ளிக்கிழமையைக் குடுத்திருக்கேன். வராம எங்க போயிடும்."